டோர் லாக்

செல்லூரில் தொடங்கிக் கண்மாய்க்கரைச் சந்துகள் வரை
ஒரு நாளைக்கு நூற்றிருபது மீட்டர் பார்ப்பேன்.
நாய் குரைக்கும் வீடு, தறி ஓடும் வீடு,
மீட்டர் மறைய சைக்கிள் சாத்திய வீடு.
பூட்டிக் கிடந்தால்
பதிய வேண்டியது இரண்டே சொல்:
டோர் லாக்.
அந்த வீட்டுக்கும் பில் உண்டு.
போன தடவை எவ்வளவு எரிந்ததோ
அதே கணக்கு.

ஆடியில் நான் பூட்டிக்கொண்டேன்.
தேதி தெரியாது.
யாரும் சாகவில்லை. கடன் இல்லை.
மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க்.
பல் தேய்க்கப் போய் பிரஷ்ஷோடு நின்றேன்,
குழாயில் தண்ணீர் நின்றுபோகும் வரை.
சாம்பாரில் உப்பில்லை என்றார் பால்ச்சாமி.
இருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.
மூன்று மணிக்கு முழிப்பு.
கூடல்நகர் தாண்டும் ரயில்.
நான் இல்லாவிட்டால் யாருக்கு என்ன குறையும் என்று
தானாக ஓடும் ஒரு கணக்கு.

விளக்கெல்லாம் அணைத்த வீட்டில்
மீட்டர் மட்டும் ஓடினால் லீக்கேஜ் என்போம்.
சுவருக்குள் எங்கோ ஈரம்.

வீடு என்னிடம் பழைய சராசரியை வசூலித்தது:
விசேஷத்தில் சிரிப்பு இவ்வளவு,
காலையில் இட்லி இத்தனை,
நாத்தனாரோடு போனில் அரை மணி நேரம்.
இல்லாததிலிருந்து எடுத்துக் கட்டினேன்.

பாண்டி கோயிலில் கயிறு கட்டினார்கள்.
இருக்கட்டும், இன்னும் கையில்தான் இருக்கிறது.
ஆபீசில் ஒருத்தர் சொன்னார்,
தினம் கொஞ்சம் நடங்கம்மா, சரியாயிரும்.
என்னிடம். மீட்டர் பார்க்கிறவளிடம்.

ஒற்றை பல்பு எரியும் ஒரு வீட்டுக்கு
நானூறு யூனிட்டுக்கு நாலாயிரம் போட்டுவிட்டேன்.
சரிபார்க்க வந்த வயர்மேன் சிக்கந்தர்
திட்டுவான் என்று நின்றேன்.
டெஸ்டரைப் பைக்குள் வைத்துவிட்டுச் சொன்னான்:
"எனக்கும் வந்துச்சுக்கா.
பெரியாஸ்பத்திரி ஓபி. காலைல எட்டு மணிக்கே போயிருங்க,
கூட்டமா இருக்கும்."

கூட்டமாகத்தான் இருந்தது.
பெஞ்சில் ஒரு போலீஸ்காரர், ஒரு பூக்காரம்மா,
காலேஜ் ஐடி கார்டைத் திருப்பிப் போட்டிருந்த பையன்.
தூக்கம் எப்படி? பசி? சாகணும்னு தோணுதா?
தக்காளி விலை கேட்கிற குரலில் கேட்டார் டாக்டர் நஸ்ரின்.
தோணுது என்றேன்.
கூரை விழவில்லை.
அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.
அப்புறம் அரை மணி நேரம் அதைப் பற்றி மட்டும் பேசினோம்.
"இது சோம்பேறித்தனம் இல்லம்மா."
சுகர் மாதிரியா என்றேன்.
"கொஞ்சம் அப்படி. முழுக்க அப்படியும் இல்ல."

மாத்திரை சின்னது, வெள்ளை.
முதல் வாரம் குமட்டல், நாக்கு காய்ந்த ஓடு.
இரண்டாம் வாரமும் அதே.
எழுந்து போய்ச் சண்டை போட்டேன்.
சண்டை போட்டதே நல்லது என்றார்.

வாரம் ஒருமுறை கவுன்சலிங்.
லியோ என்ற பையன் ஒரு நோட்டில் கோடு போட்டுத் தந்தான்.
செய்த வேலை. முன்னால் மனசு பத்துக்கு எத்தனை. பின்னால் எத்தனை.
முந்தைய ரீடிங், இப்போதைய ரீடிங், வித்தியாசம்.
தம்பி, இது எனக்குத் தெரிந்த வேலை.

தலைக்குக் குளித்தேன்: ஒன்று, இரண்டு.
துணி காயப்போட்டேன்: இரண்டு, இரண்டு.
யானைக்கல்லில் இறங்கி மல்லி வாங்கினேன்,
வைக்கவில்லை, மோந்து பார்த்தேன்: இரண்டு, மூன்று.
ஒன்றும் செய்யவில்லை: ஒன்று.
அதையும் எழுதச் சொன்னான்.

ஏழாவது வாரம் ஒரு மத்தியானம்
வாயில் போட்டதும் சொல்லிவிட்டேன்:
"சாம்பார்ல உப்பு கூட."
பால்ச்சாமி கையில் பிசைந்த சோறு அப்படியே நிற்க
என்னையே பார்த்தார்.
பிறகு எழுந்து போய் முகம் கழுவினார்.

நல்லாகிவிட்டது என்று
நானே மாத்திரையை நிறுத்தியது ஒரு கூத்து.
ஐப்பசி மழை முழுக்கப் படுக்கையில் போனது.
மறுபடி எட்டு மணி, மறுபடி பெஞ்ச்.
டாக்டர் திட்டவில்லை. தேதி மட்டும் குறித்தார்.

இன்று கண்மாய்க்கரையில் ஒரு வீடு.
தட்டினேன், பதில் இல்லை.
எழுதப் போன விரல் நின்றது.
உள்ளே ஃபேன் ஓடும் சத்தம்.
இன்னொரு தரம் தட்டுகிறேன்.
யாரோ செருப்பைத் தேடுகிறார்கள்.
நிற்கிறேன்.